மூன்றாவது கட்டத்தில் பார்க்கலாம்

அக்கா புருஷனுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்பதில் குடும்பத்துக்குள் இன்னும் தீராத சண்டை உண்டு. தான்தான் வைத்ததாகச் சின்னவள் சொல்வாள். கல்யாணமான மூன்றாம் மாதமே, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆறாவது தடவை சொல்லிவிட்டு வந்த கோபத்தில் தானே வைத்ததாக அக்கா சாதிப்பாள். யார் வைத்தால் என்ன, பெயர் ஒட்டிக்கொண்டது. பார்க்கலாம் மாமா. ஆள் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கைதேர்ந்த வேலைக்காரர், கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் சத்தத்தைக் கேட்க அவர் வீட்டுக்கு வர வேண்டுமே! "எப்ப வருவீங்க?" என்று யார் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதை நம்பி எத்தனை வீட்டில் பால் திரிந்ததோ, மீன் நாறியதோ.

நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வாய் வராது. சரி என்று சொல்லிவிட்டாலோ எழுந்து போக வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் கிடைத்தது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சின்னவளுக்கு வயது நாற்பத்தொன்று. தலையில் பாதி நரைத்துவிட்டது, குடும்பத்துக்கு இன்னும் சின்னவள்தான். பல்கலைக்கழகத்தில் மனவியல் துறையில் ஆய்வு செய்கிறாள். என்ன ஆய்வு என்று யாராவது அவளிடம் கேட்டால் அக்கா முந்திக்கொள்வாள்.

"எங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க ஏன் எல்லாத்தையும் தள்ளிப்போடறாங்கன்னு கண்டுபிடிக்கறா. பதினாலு வருஷமா கண்டுபிடிக்கறா. இவ இன்னும் கண்டுபிடிக்கல, அவர் இன்னும் குழாயை மாத்தல."

துறைக் கட்டடத்தின் பின்பக்கத்தில், படிக்கட்டுக்குக் கீழே இருந்த இரண்டு அறைகள்தான் அவள் ராஜ்ஜியம். ஒன்றில் நான்கு தொலைபேசிகள், காதில் மாட்டும் கருவிகள், அடுக்கிவைத்த படிவங்கள். இன்னொன்றில் கம்ப்யூட்டர்களும், மழைக்காலத்தில் ஊறிப்போகும் ஒரு சுவரும். ஆய்வுக்கு வந்தவர்கள் அறுபத்துநாலு பேர். ஒவ்வொருவரும் தான் செய்தே ஆக வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லியிருந்தார்கள். பேச்சு விட்டுப்போன மகனுக்கு ஒரு கடிதம், ஆடுகிற பல்லை டாக்டரிடம் காட்டுவது, செத்துப்போன மனைவியின் துணிகளை அலமாரியிலிருந்து எடுப்பது, இப்படி. தினமும் சாயங்காலம் அவர்களுக்குப் போன் போகும். இன்று செய்தீர்களா? இல்லையென்றால் ஏன்? தள்ளிப்போட்ட அந்த நிமிஷம் மனசு எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை?

அவர்கள் பேசுவதையெல்லாம் பதிவுசெய்து, எழுத்தில் இறக்கி, ஒவ்வொரு வாக்கியத்தையும் நான்கு கட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். செய்தேன் என்பது முதல் கட்டம். மறந்தேன் இரண்டாவது. தள்ளிப்போட்டேன் மூன்றாவது. வேறு ஏதோ தடுத்தது என்றால் நான்காவது. மூன்றாவது கட்டம்தான் பிதுங்கி வழிந்தது. நம் ஆட்கள் இதற்கென்று எத்தனை சொல் வைத்திருக்கிறார்கள்! ஆறப்போட்டேன், ஊறப்போட்டேன், கிடப்பில் போட்டேன், தட்டிக்கழித்தேன், நாளைக் கடத்தினேன். ஆனால் இவை அத்தனையையும் சேர்த்தாலும் மாமாவின் சொல்லுக்குப் பக்கத்தில் வர முடியவில்லை. "பார்க்கலாம்" மட்டும் ஆயிரத்து நூறு தடவைக்கு மேல் வந்திருந்தது.

ஆய்வில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தள்ளிப்போடுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. பல்லைக் காட்டப் போகாதவர் அன்றைக்கு வீடு முழுக்கப் பெருக்கித் துடைத்திருந்தார். காரியத்தை நினைத்ததும் வயிற்றைப் பிசைகிற ஒரு பயம் வருகிறது, "நாளைக்கு" என்று சொன்ன நிமிஷம் அது போய்விடுகிறது. நிம்மதி எண் மூன்றிலிருந்து எட்டுக்குத் தாவுகிறது. மறுநாள் காலை இரண்டுக்கு இறங்கிவிடும்தான், ஆனால் மனசுக்கு ஞாபகம் இருப்பது அந்த எட்டுதான். சின்னவள் இதற்கு நிம்மதிக் கூலி என்று பெயர் வைத்திருந்தாள். வேலை செய்யாததற்குக் கிடைக்கும் கூலி. தன்னுடைய பதினாலு வருஷத்தில் இந்தச் சொல் ஒன்றுதான் உருப்படி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளோடு வேலை பார்த்தவர் ஒருவர், புள்ளிவிவரம் போடுகிறவர். குள்ளமாக, பயந்த சுபாவத்தோடு இருப்பார். அதனாலேயே அவருக்குப் பெரும்புள்ளி என்று பெயர். ஒருநாள் அவர் படிவங்களோடு வந்து தயங்கி நின்றார்.

"மேடம், இந்த பார்க்கலாம் எல்லாத்தையும் மூணாவது கட்டத்துல போடறோமே. அதுல ஒரு சின்ன சிக்கல்."

"என்ன சிக்கல்?"

"ஒருத்தர் சொல்றாரு, 'ரிப்போர்ட் வந்துருச்சு, இனிமே டாக்டரைப் பார்க்கலாம்'னு. அது தள்ளிப்போடறது இல்லையே மேடம். பார்க்க வழி கிடைச்சிருச்சுன்னு சொல்றாரு. எழுத்துல ரெண்டும் ஒண்ணா இருக்கு. இப்படிப் பதினாலு இடம் வருது."

"ஆயிரத்து நூறுல பதினாலு."

"ஆமா மேடம். ஆனாலும் அஞ்சாவதா ஒரு கட்டம் வச்சா..."

"வச்சா எல்லாத்தையும் முதல்லேர்ந்து பிரிக்கணும். இப்ப வேண்டாம் சார். அந்தப் பதினாலை அப்புறம் பார்த்துக்கலாம்."

பெரும்புள்ளி தலையை ஆட்டிவிட்டுப் போனார். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது. இனி கடும் மருந்து கொடுக்க வேண்டும், கொடுத்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இருக்காது, கிருமி அண்டாத அறையில் வாரக் கணக்கில் தனியாக வைப்போம், உள்ளே ஒரே ஒருவர்தான் வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இன்சுலின் பேனாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவை மகளுக்கு. பதினொரு வயசுப் பெண், நாலு வயசில் சர்க்கரை வந்தது. வீட்டில் அவளை எறும்பு என்று கூப்பிடுவார்கள். வேறு யாராவது வைத்திருந்தால் அடி விழுந்திருக்கும், அந்தப் பெயரை வைத்தது எறும்பே. "சர்க்கரை இருக்கற இடத்துல எறும்பு இருக்கும்ல?" என்று கேட்டாளாம், ஆறு வயசில். தினமும் நாலு ஊசி. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டியதைப் பின்னால் போட்டால் தலை சுற்றும், போடாமலே விட்டால் உயிருக்கு ஆபத்து. ஏழு வருஷத்தில் அக்கா ஒரு வேளை கூடத் தவறியதில்லை.

"சின்னவளே, இங்க வா. உக்காரு." அக்கா கதவைச் சாத்தினாள். "ஒண்ணு கேப்பேன். சுத்தி வளைக்காம பதில் சொல்லணும்."

"கேளு."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எறும்பை நீ பாத்துக்குவியா? உன் வீட்டுல வச்சு. இவரு தங்கமான மனுஷன்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஊசி நேரத்துக்கு 'பார்க்கலாம்'னு சொன்னா என் பொண்ணு செத்துருவாடி."

குரலில் அழுகை இல்லை. கடைக்குப் போகும்போது என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரல்தான். சின்னவளுக்கு ஊசியைக் கண்டாலே பயம். தனியாக இருந்து பழகிய வீடு, தன் இஷ்டத்துக்குத் தூங்கி எழுந்த பதினைந்து வருஷம், எல்லாம் கண்முன் வந்து போயின. அதையெல்லாம் விட மோசமானது ஒன்று இருந்தது. சரி என்று சொன்னால், நீ சாகப்போகிறாய் என்பதை நானும் ஒத்துக்கொண்டேன் என்று ஆகிவிடும். அதை அக்காவின் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

"என்னக்கா பேச்சு இது. நீ நல்லபடியா வரத்தான் போற. பார்க்கலாம், முதல்ல நீ போய்ட்டு வா."

அக்கா அவளையே பார்த்தாள்.

"நீயுமா?" என்றாள். பிறகு சிரித்தாள். "சரி, ஊசி போடவாவது சொல்லித்தரேன், கையைக் கழுவிட்டு வா."

"நீ வந்தப்புறம் கத்துக்கறேன்கா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சின்னவள் தன் மனசைத் தொட்டுப் பார்த்தாள். லேசாக இருந்தது. பத்துக்கு எட்டு போடலாம். அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே இல்லை. தெரிந்து என்ன பிரயோஜனம்? வீட்டுக்குப் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினாள்.

இரண்டாவது வாரத்தில் அவள் முடிவெடுத்துவிட்டாள். எறும்பு தன்னோடு இருக்கட்டும். முடிவெடுத்ததும் வேகம் வந்துவிட்டது. சின்ன அறையிலிருந்த புத்தக அலமாரிகளை வெளியே தள்ளினாள், சுவருக்கு வெளிர்மஞ்சள் பூசினாள், கட்டில் வாங்கினாள், மெத்தை வாங்கினாள். இன்சுலின் வைப்பதற்கென்றே ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கினாள். எறும்பு பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று நின்று பார்த்து நேரம் குறித்தாள். செய்யாதது ஒன்றுதான், அக்காவிடம் சொல்லவில்லை. பல்லைக் காட்டப் பயந்தவர் வீட்டைத் துடைத்த கதை. அந்தப் படிவத்தைத் தன் கையாலேயே பிரித்து மூன்றாவது கட்டத்தில் போட்டவள் அவள்.

அதற்கு முன்பே, முதல் வாரத்தில், அக்காவிடமிருந்து போனில் செய்தி வந்திருந்தது. "என்னடி முடிவு பண்ணின?"

"நேர்ல வந்து சொல்றேன்கா" என்று பதில் போட்டாள்.

"அப்ப சீக்கிரம் உள்ள விடச் சொல்றேன் இவங்கள."

அதன்பிறகு மருந்தின் வேகத்தில் அக்காவுக்கு வாயெல்லாம் புண்ணாகிப் பேச்சு நின்றுபோனது. கை வீங்கி, போனைத் தட்டவும் முடியாமல் போனது. சின்னவளின் போனில் ஒரு செய்தி எழுதி அனுப்பாமல் கிடந்தது: "அக்கா, எறும்பை நான் பாத்துக்கறேன். சத்தியமா." தினமும் அதை எடுத்துப் படிப்பாள். அழுதுகொண்டே சொல்ல வேண்டிய விஷயத்தைக் கட்டைவிரலால் தட்டி அனுப்புவதா என்று தோன்றும். கையைப் பிடித்துக்கொண்டு சொல்வோம், இன்னும் சில நாள்தானே. மூடி வைத்துவிடுவாள்.

காலையில் ஒன்பது மணிக்கு, வேலையில் உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருந்த மாமாவுக்கு ஒரு செய்தி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. "மாமா, அக்காவைப் பார்க்க முடியுமா?" மாமாவிடமிருந்து பதில் மத்தியானத்துக்கு மேல்தான் வரும், சில நாள் சாயங்காலம் ஆகிவிடும். "பார்க்கலாம்." அவ்வளவுதான். முப்பத்தாறு நாள் இதே கேள்வி, இதே பதில். பதிலைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ தளரும், தோள்பட்டை இறங்கும். இன்றைக்கு இல்லை. நல்லது, இன்றைக்கு இல்லை.

முப்பத்தேழாவது நாள் ஆய்வுக் கட்டுரையை அனுப்ப வேண்டிய கடைசி நாள். ஐந்து மணிக்குக் கெடு. ஒன்பது பத்துக்கு மாமாவுக்கு வழக்கமான செய்தியை அனுப்பினாள். ஒன்பது பதினொன்றுக்குப் பதில் வந்தது.

"பார்க்கலாம்."

சின்னவள் "சரி மாமா" என்று போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். தோள்பட்டை இறங்கியது. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை வினாடி என்று கணக்கெடுப்பதை அவள் தொழிலாகவே வைத்திருந்தாள். அந்தத் தாமதத்தை வைத்து மனிதர்களின் மனசைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். பார்க்கலாம் மாமா ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரே நிமிஷத்தில் பதில் போட்டிருக்கிறார். அது அவள் கண்ணில் படவில்லை. படாமல் பார்த்துக்கொண்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

மத்தியானம் வரை கட்டுரையில் மூழ்கிக் கிடந்தாள். பெரும்புள்ளி ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது. மூன்று இருபதுக்குப் போன் அடித்தது. மாமா.

"எங்கம்மா இருக்க? வழியிலயா?"

"ஆபீஸ்ல மாமா. ஏன், என்ன?"



"ஆபீஸ்லயா? காலையிலேயே பார்க்கலாம்னு போட்டேனேம்மா. நீயும் சரின்னு போட்ட. இந்தா வந்துருவ, இந்தா வந்துருவன்னு நாங்க உக்காந்திருக்கோம்."

"எப்பவும் போடறதுதானே மாமா போட்டீங்க..."

"இல்லம்மா. இன்னைக்குப் பார்க்கலாம். எல்லாரையும் விடறோம், பார்க்கணும்னு இருக்கறவங்க வந்து பார்க்கலாம்னு டாக்டரம்மா காலையில சொன்னாங்க." மாமாவின் குரல் உடைந்தது. "ஏன் திடீர்னு விடறாங்கன்னு நான் கேக்கலம்மா. எனக்குக் கேக்கப் பயமா இருந்துச்சு. உனக்கும் எப்படி எழுதறதுன்னு தெரியல. அவங்க சொன்னதை அப்படியே போட்டுட்டேன். நீ வாம்மா. அவ வாசலையே பாத்துட்டு இருக்கா."

சின்னவள் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. பெரும்புள்ளி என்ன மேடம், என்ன மேடம் என்று பின்னாலேயே ஓடிவந்தார். அவரிடம் எதுவும் சொல்லாமல் தெருவுக்கு வந்து டாக்ஸியில் ஏறினாள்.

போனை அக்கா காதில் வைக்கச் சொல்லியிருக்கலாம். டாக்ஸி நகர்ந்த பிறகுதான் அது தோன்றியது. தோன்றியும் என்ன, செய்தாளா? டிரைவர் கேட்டுக்கொண்டிருப்பார், தெருவில் ஒரே ஹாரன் சத்தம், இதுவா அதைச் சொல்லும் இடம். இன்னும் கால் மணி நேரம், நேரிலேயே சொல்லிவிடலாம். பாலத்துக்குக் கீழே வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. சின்னவள் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி லாரியையே பார்த்தாள். அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. போனை எடுத்தாள். பழைய செய்தி அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். மணி மூன்று ஐம்பது.

ஆஸ்பத்திரியில் நான்காவது மாடி. லிஃப்ட் வருவதற்குள் படியேறிவிட்டாள். தாழ்வாரத்தின் கடைசியில் கண்ணாடிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. கிருமி வந்துவிடும் என்று ஐந்து வாரமாக ஒரு நூலிழை அளவுக்குக்கூடத் திறந்து வைக்காத கதவு. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வெளியே பெஞ்சில் மாமா முழங்கால்களுக்கு நடுவில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எறும்பு, பள்ளிக்கூடச் சீருடையில், மடியில் அம்மாவின் போனும் ஒரு சின்ன நோட்டும்.

"மூணு நாப்பத்திநாலுக்கு" என்றாள் எறும்பு, யாரும் கேட்காமலே.

சின்னவள் உள்ளே போனாள். அக்காவின் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. நர்ஸ் நேராக்கிவைக்கப் போனவள் இவளைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டாள். சின்னவள் கையைப் பிடித்தாள். இன்னும் சூடு இருந்தது. நான் பாத்துக்கறேன்கா, நான் பாத்துக்கறேன்கா என்று காதருகே குனிந்து சொன்னாள். எத்தனை தடவை சொன்னாளோ. நர்ஸ்தான் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

வெளியே வந்தபோது எறும்பு போனை நீட்டினாள்.

"உங்க மெசேஜ் வந்துச்சு சித்தி. மூணு அம்பதுக்கு."

சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். எறும்பு நோட்டைத் திறந்து காட்டினாள். பேச முடியாமல் போன பிறகு அம்மா எழுதிக் காட்டிய நோட்டு அது. கோணல்மாணலாக, ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். தண்ணி. வலி. எறும்பு சாப்ட்டாளா. அன்றைய பக்கங்களில் ஒரே சொல்தான், திரும்பத் திரும்ப. சின்னவ? சின்னவ? சின்னவ?

"அப்பாவைப் போன் போடச் சொன்னேன் சித்தி. பன்னெண்டு மணிக்கே சொன்னேன். வந்துருவா, பார்க்கலாம்னாங்க."

மாமா தலையை நிமிர்த்தவில்லை.

"அப்புறம் நானே அம்மாகிட்ட சொல்லிட்டேன். சித்தி சரின்னு சொல்லிட்டாங்கம்மா, என்னைப் பாத்துக்குவாங்களாம்னு. பொய்தான். அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு, அதான் சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னா?"

எறும்பு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். எழுத்து சரிந்து காகிதத்தின் விளிம்புக்குப் போயிருந்தது. "அவ சொல்லட்டும்."

அதன்பிறகு ஆஸ்பத்திரி தன் வேலையைப் பார்த்தது. காகிதங்கள் வந்தன. மாமா ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, படிக்காமலே வைத்துக்கொண்டு நின்றார். யாரோ பேனாவைக் கையில் திணித்தார்கள். பெரும்புள்ளியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: "கட்டுரையை அனுப்பிவிட்டேன் மேடம். கவலை வேண்டாம். அந்தப் பதினாலைத் தொடவில்லை." சின்னவள் போனை அணைத்தாள்.

ஆறரை மணிக்கு எறும்பு பையிலிருந்து நீல டப்பாவை எடுத்தாள். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் தொட்டு, கருவியில் வந்த எண்ணைப் பார்த்தாள்.

"அப்பா, ஊசி நேரம்."

"பார்க்கலாம்டா கண்ணு" என்றார் மாமா, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "இது முடியட்டும்."

சின்னவள் எழுந்தாள். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். எறும்பிடமிருந்து இன்சுலின் பேனாவை வாங்கிக்கொண்டாள், எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானே போட்டுப்பேன் சித்தி. இன்னைக்குத்தான் கை நடுங்குது."

"நான் போடறேன். நீ சொல்லிக் குடு."

எறும்பு சொல்லிக்கொடுத்தாள். மூடியை இழுங்க. அடிப்பக்கத்தைத் திருகுங்க, எட்டு வர்ற வரைக்கும். சட்டையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள். பழைய ஊசித் தடங்கள் பொட்டுப் பொட்டாக இருந்தன. இங்க இல்ல, கொஞ்சம் தள்ளி. நேரா. சின்னவள் கண்ணை மூடாமல் குத்தினாள்.

"உடனே எடுத்துராதீங்க. பத்து வரைக்கும் எண்ணணும். அம்மா எண்ணுவாங்க."

எண்ணினாள். ஏழோடு நின்றாள். எட்டு, ஒன்பது, பத்து என்று எறும்பே எண்ணி முடித்தாள்.

ஊசியை எடுத்துவிட்டு, சின்னவள் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். இந்தத் தடவை எந்தச் சாக்கும் இல்லை, யார் கேட்டாலும் கேட்கட்டும்.

"எறும்பு, நீ என்னோட வந்துரு. ரூம் ரெடியா இருக்கு. மூணு வாரமா ரெடியா இருக்கு. தினமும் நான் போடறேன். ஒரு வேளை தவற மாட்டேன். நான் உன்னைப் பாத்துக்கறேன். வருவியா?"

எறும்பு அவளை நிதானமாகப் பார்த்தாள். அக்காவின் அதே கண். கோபம் எதுவும் அதில் இல்லை. ஊசி முனையைக் கழற்றித் தனியாக ஒரு குப்பியில் போட்டாள், பேனாவை மூடினாள், டப்பாவில் அடுக்கினாள்.

"பார்க்கலாம் சித்தி" என்றாள்.

டப்பாவுக்காகச் சின்னவள் கையை நீட்டினாள். எறும்பு அதைத் தரவில்லை. தன் மடியிலேயே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.